உபயோகத்துக்கு உகந்தவை

இஸ்மாயில்
செப்டம்பர் 9

அன்புத் தம்பி அசெனுக்கு,

அக்கா தோன்கா எழுதுவது. ஜன்னல் கண்ணாடிகளைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீயும் கலினாவும் நலமா? ரத்தக்கொதிப்புக்கு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்கு அது ஏறியிருக்கும்.

போனவாரம் இஸ்மாயில் துறைமுகத்தில் மறுபடியும் ட்ரோன்கள் விழுந்தன. தானியக் கிடங்கு இரண்டு நாள் எரிந்தது. ஊர் முழுக்க வறுத்த கோதுமை வாசனை. பசியோடு இருப்பவனுக்கு நல்ல வாசனையாக இருந்திருக்கும், எங்களுக்குக் குமட்டியது. உன் அத்தான் யுக்கிம் மறுநாளே கிரேன்மேல் ஏறிவிட்டார். "கப்பல் நிக்குதுல்ல, ஏத்தாம என்ன பண்றது?" என்கிறார். அந்த மனிதரிடம் பேசிப் பயனில்லை என்று உனக்கே தெரியும்.

ரொட்டிக்கடையில் நான் பல்கேரியாக்காரி என்று எல்லோருக்கும் தெரியும். நேற்று கடைக்காரி எல்லோர் முன்னாலும் கேட்கிறாள், "உங்க ஊர்க்காரங்க என்ன, அந்த ஏவுகணையை எல்லாம் ஊறுகா போட்டு வச்சிருக்காங்களா?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் எனக்குக் கோபம் வந்தது.

உன்னையே கேட்கிறேன். மீசை முளைத்த நாள் முதல் நீ வருவதை வானத்திலேயே அடிக்கிற அந்த இரும்புக் குழாய்களோடுதான் குடித்தனம் நடத்துகிறாய். எதற்காகக் கொட்டகைக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்கள்? அக்கா வீட்டு ஜன்னல் மொத்தமும் விழுந்தபிறகு எடுப்பதற்கா?

இந்தப் பக்கத்தோடு போனில் பேசினால் மேலிடத்துக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்று நீ சொன்னதால்தான் எல்லை தாண்டிச் சரக்கு கொண்டுபோகும் வெலிச்கோவின் வேனில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவனிடமே பதில் கொடு. பையன் மத்வீ நலம். ராணுவத்தில் எங்கேயோ லாரி பழுதுபார்க்கிறானாம்.

உன் அக்கா,
தோன்கா


ஐதோஸ்
செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நாங்கள் நலம். மாத்திரை சாப்பிடுகிறேன். அத்தானையும் மத்வீயையும் மிகவும் கேட்டதாகச் சொல்.

இந்த வருடம் மிளகாய் நல்ல விளைச்சல். கலினா லூதெனிட்சாத் தொக்கு கிளறி நாற்பது புட்டிகள் அடைத்திருக்கிறாள். பத்து புட்டிகளை வெலிச்கோவிடம் கொடுத்திருக்கிறேன். எட்டு வந்தால் அதிர்ஷ்டம். கூரை ஒழுகுகிறது. ஓடு மாற்ற ஆள் கிடைக்கவில்லை. சீமைமாதுளைப் பழம் இன்னும் பழுக்கவில்லை.

நீ கேட்டதற்கு என்னால் பதில் எழுத முடியாது என்று உனக்கே தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறாய். பேப்பரில் எல்லோரும் எழுதுவதை மட்டும் சொல்கிறேன்: எங்களிடம் இருப்பது கொஞ்சம். அதைச் செய்த தொழிற்சாலை இப்போது உன் வீட்டின்மேல் குண்டு போடுகிறவனின் நாட்டில் இருக்கிறது. ஒன்று போனால் போனதுதான், மறுபடி வாங்க வழியில்லை. "நீங்க கொடுங்க, நாங்க புதுசு தர்றோம்" என்கிற நண்பர்களிடம் எப்போது என்று கேட்டால், அவர்களுடைய தொழிற்சாலையிலும் வரிசை நிற்கிறது என்கிறார்கள். நாங்களும் கடலோரத்தில்தான் இருக்கிறோம்.

இதற்குமேல் கேட்காதே. குளிருக்குமுன் ஜன்னலுக்குப் பலகையாவது அடித்துவிடுங்கள்.

அன்புடன்,
அசென்


இஸ்மாயில்
அக்டோபர் 17

தம்பிக்கு,

நலம். நலம்தானே? ஏழு புட்டிகள் வந்தன. கலினாவுக்கு நன்றி சொல். உனக்கு நன்றி கிடையாது. ஏவுகணையைப் பற்றிக் கேட்டால் சீமைமாதுளையைப் பற்றி எழுதுகிற ஒரே ராணுவ அதிகாரி இந்த உலகத்தில் நீதான். படித்துவிட்டு யுக்கிம் கேட்டார், "உன் தம்பி அங்க பட்டாளத்துல இருக்கானா, தோட்டத்துல இருக்கானா?"

போகட்டும். இன்றைக்கு உன்னைத் திட்டப்போவதில்லை. உங்கள் நாடாளுமன்றம் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டதாமே! செய்தியில் வந்ததும் ரொட்டிக்கடைக்காரி ஒரு ரொட்டியை என் பையில் சும்மா போட்டாள். "தப்பா பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். நான்தான் கை தூக்கி ஓட்டுப் போட்டவள்போல எல்லோரும் எனக்குக் கைகொடுத்தார்கள். நானும் கொஞ்சம் கர்வமாகத்தான் நடந்து வந்தேன். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தபிறகு ஊர்ப் பெயரைச் சொல்லி நிமிர்ந்து நடந்தது இதுதான் முதல் தடவை.

எப்போது வரும்? மாதத்தை மட்டும் சொல். தேதி வேண்டாம். ஒரு ரகசியமும் கேட்கவில்லை, மாதத்தைத்தான் கேட்கிறேன்.

அக்கா,
தோன்கா


ஐதோஸ்
நவம்பர் 5

அன்புள்ள அக்கா,

இருவரும் சுகம். உன் கடிதம் மகிழ்ச்சி தந்தது.

ஆனால் இப்போதே கொண்டாடாதே. நாடாளுமன்றத்தில் கை தூக்குவது ஒரு நிமிட வேலை. கிடங்கில் படுத்திருப்பதை ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்ப்பது வேறு வேலை. அதற்குமேல் எழுதுவதற்கில்லை.

இந்த மாதம் எனக்குத் தூக்கம் சரியில்லை. காரணம் ஒன்றுமில்லை, வயதுதான். சிடுசிடுக்கிறேன் என்று கலினா சொல்கிறாள். அத்தான் கிரேன் வேலையை விட்டுவிட்டுக் கீழே ஏதாவது வேலை கேட்கக்கூடாதா? நான் சொன்னதாகச் சொல்லாதே, நீ சொல்வதுபோலச் சொல்.

அசென்


இஸ்மாயில்
நவம்பர் 29

தம்பிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத இன்றைக்கு மனம் வரவில்லை.

பேப்பரில் படித்தேன். எல்லாம் தயாராம். வண்டி தயார், சாலை தயார், எல்லை தாண்டும் அனுமதி தயார். யாரோ ஒரே ஒரு தொழில்நுட்ப அதிகாரி கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறானாம். அவனால் எல்லாம் நிற்கிறதாம். பெயர் போடவில்லை. போட்டிருந்தால் நேராக அவனுக்கே எழுதியிருப்பேன், உனக்குத் தபால் வேலை மிச்சமாயிருக்கும்.

யார் அந்த மகாராசன்? உனக்குத் தெரியாமல் இருக்காது. உன் கூட்டத்தில் எத்தனை பேர்தான் இருக்கிறீர்கள்? அவனுக்குப் பேனாவில் மை இல்லையென்றால் நான் அனுப்புகிறேன். இல்லை, குண்டு போடுகிறவன் பக்கத்திலிருந்து யாராவது வீடு கட்டித் தந்திருக்கிறார்களா? "கிழடாம், பழுதாம், ஆபத்தாம்" என்று காரணம் சொல்கிறானாம். எங்களுக்கு ஆபத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறான்! ஒருநாள் எங்கள் மொட்டைமாடியில் வந்து நின்று பார்க்கச் சொல்.

ரொட்டிக்கடைக்கு இப்போது நான் போவதில்லை. யுக்கிம்தான் போகிறார்.

அந்த ஆளை நீ பார்த்தால் இதைச் சொல்: இஸ்மாயிலில் ஒருத்தி ஒவ்வொரு முறை சைரன் ஊதும்போதும் அவனைப் பெயர் தெரியாமல் சபிக்கிறாள். அந்தக் கை விளங்காமல் போகட்டும்.

தோன்கா


ஸ்மோல்யானுக்கு மேலே
டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். எனக்கு மாற்றல். மலைமேல் ராணுவ உடைக்கிடங்கு. கோட்டு, காலணி, போர்வை. நல்ல காற்று. வெடிக்கக்கூடிய பொருள் எதுவும் இல்லை. கலினா ஐதோஸ் வீட்டிலேயே இருக்கிறாள், வார இறுதியில் போய்வருகிறேன்.

நீ கேட்ட அந்த அதிகாரியை எனக்குத் தெரியும். விலைபோனவன் இல்லை. பிடிவாதக்காரன், சில நேரம் முட்டாளும்கூட. ஆனால் அவன் பக்கத்தில் ஏதோ ஒரு நியாயம் இருக்கலாம் என்று ஒரு நிமிடமாவது நினைத்துப்பார். நீ நினைக்கமாட்டாய். சரி, விடு.

உன் செய்தியை அவனிடம் சொல்லிவிட்டேன்.

புத்தாண்டுக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு மேஜையில் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று! அத்தானுக்கு என் வணக்கம். கீழ் வேலை கேட்டாரா?

தம்பி


இஸ்மாயில்
ஜனவரி 11

அசெனுக்கு,

யுக்கிம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். போன சனிக்கிழமை காலையில் துறைமுகத்தில் விழுந்தது. கிரேனின் கை முறிந்து அவர்மேல் சாய்ந்துவிட்டது. வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை என்கிறார்கள். நினைவு வந்ததும் அவர் கேட்டது, "கப்பல் போயிடுச்சா?"

அன்றைக்கு ஊருக்கு வெளியே நிற்கும் ஏவுவண்டிகளில் ஒன்றில்கூட ஏவுகணை ஏற்றியிருக்கவில்லை. எல்லாம் காலி. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. தெரியும்.

அந்த அதிகாரியிடம் இதையும் சொல்லிவிடு.

தோன்கா


ஐதோஸ்
பிப்ரவரி 2

அன்புள்ள தோன்கா அக்காவுக்கு,

கலினா எழுதுகிறேன். யுக்கிம் அண்ணன் எப்படி இருக்கிறார்? காயம் ஆறுகிறதா? நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று மரியாதைக்குக்கூட எழுத முடியவில்லை. இந்தக் கடிதம் நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. தெரிந்தால் கத்துவார். கத்தட்டும். ஜனவரியிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை, கத்தினாலாவது ஆள் இருக்கிறார் என்று தெரியும்.

அக்கா, நீங்கள் சபிக்கிற ஆள் என் அடுப்படியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஆமாம், அவர்தான். நவம்பரில் ஜெனரலே எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் சீஸ் வைத்துப் பனிட்சா சுட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் அதைத் தின்றுகொண்டே சண்டை போட்டார்கள். நான் சொல்வதில் ஒரு சொல்லும் கூடுதல் இல்லை, கேளுங்கள்.

"அசென், ஒரே ஒரு கையெழுத்து. பழசுன்னு தெரிஞ்சுதான் அவங்களே கேக்கறாங்க" என்றார் ஜெனரல்.

"அப்போ பழசுன்னே எழுதுங்க சார். 'உபயோகத்துக்கு உகந்தது'ன்னு எதுக்கு எழுதணும்?"

"பழசுன்னு எழுதினா குப்பையைத் தள்ளிவிட்டோம்னு எல்லாப் பேப்பர்லயும் வரும். அதோட, நல்லதைக் குடுத்தாத்தான் நமக்குப் பதிலுக்குப் புதுசு வரும். கெட்டுப்போனதுக்கு எவன் பதில் குடுப்பான்?"

"அப்போ நல்லதையே குடுங்க."

"குடுத்துட்டு? நாளைக்கு நம்ம கடற்கரைக்கு ஒண்ணு வந்தா என் தொப்பியைக் கழட்டி அதுமேல எறியவா?"

அது நியாயம்தான் என்று இவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் பேனாவைத் தொடவில்லை. அந்தக் குழாய்களில் சிலதுக்கு உள்ளே இருக்கும் எரிமருந்து காய்ந்து விரிசல் விட்டிருக்கிறதாம். பற்றவைத்தால் மேலே போகாமல், பற்றவைத்தவன் தலைமேலேயே வெடிக்குமாம். கல்யாணத்துக்குமுன் பயிற்சி மைதானத்தில் அப்படி ஒன்றை இவர் பார்த்திருக்கிறார். யார் போனார்கள், எத்தனை பேர் என்று என்னிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை. "யாரோ ஒருத்தன் என் கையெழுத்தை நம்பிப் பொத்தானை அமுக்குவான், கலினா" என்று மட்டும் சொன்னார். மறுவாரமே கோட்டு எண்ண மலைக்கு அனுப்பிவிட்டார்கள். இவர் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்துவிட்டு, இவர் இடத்துக்கு வந்தவரும் கையெழுத்துப் போடவில்லையாம்.

இவர் செய்தது சரி என்று வாதாட நான் எழுதவில்லை. எனக்கும் இவர்மேல் கோபம்தான். உங்கள்மேலும் கோபம். ஜெனரல்மேலும் கோபம், ஒரு தட்டுப் பனிட்சாவும் காலி. ஆனால் உங்கள் கடிதம் வந்தால் இவர் அதைப் பிரிக்க அரைநாள் எடுத்துக்கொள்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. சபிப்பதென்றால் பெயர் தெரிந்தே சபியுங்கள்.

யுக்கிம் அண்ணனுக்கு என் அன்பு.

கலினா


இஸ்மாயில்
மார்ச் 1

அசெனுக்கு,

கலினாவின் கடிதம் வந்தது. நான்கு முறை பதில் எழுதி நான்கையும் அடுப்பில் போட்டேன். முதலாவதைப் படித்திருந்தால் நீ இனி எனக்கு எழுதியிருக்கமாட்டாய். இரண்டாவதில் மன்னிப்புக் கேட்டிருந்தேன். அதை எழுதிய கை என்னுடையதா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

யுக்கிம் வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டைக்கால் வைப்பதற்கு இன்னும் நாளாகும். இல்லாத பாதத்தில் அரிக்கிறது என்கிறார். சொறியச் சொல்லி என்னை எழுப்புகிறார்.

இப்போது நான் உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். மத்வீ லாரி பழுதுபார்க்கவில்லை. போன வசந்தத்திலிருந்தே வான்பாதுகாப்பில் இருக்கிறான். ஏவுவண்டிக்காரன். எங்கள் ஊருக்கு வெளியே காலியாக நின்றது அவனுடைய வண்டிதான். யாரிடமும் சொல்லாதே என்றான், சொல்லவில்லை. நீங்கள் அனுப்பியிருந்தால் உன் கையெழுத்தை நம்பிப் பொத்தானை அமுக்கியிருக்கக்கூடிய அந்த "யாரோ ஒருத்தன்" உன் மருமகன்.

அப்பாவைப் பார்க்க இரண்டு நாள் விடுப்பில் வந்தான். கலினாவின் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தான். எனக்கு எரிச்சல் வந்தது.

"என்னடா சிரிப்பு?"

"மாமாகிட்ட சொல்லும்மா. நாங்க என்ன பொண்ணா பாக்கறோம், ஒரு குறையும் இருக்கக் கூடாதுன்னு சொல்ல? நாங்க விடறதுல பாதி என்னைவிட வயசானது. எது எதுக்கு என்ன நோவுன்னு சொல்லிக் குடுத்தா போதும். ஒண்ணோட தலை, இன்னொண்ணோட வால்னு சேத்து நாங்களே தேத்திக்குவோம்."

"அப்போ உங்க மாமா பண்ணது தப்புதானே?"

"நான் அப்படிச் சொல்லலை. எல்லாம் நல்லதுன்னு பேப்பரோட வந்திருந்தா, நானும் நம்பி முன்னால இருக்கறதை ஏத்தியிருப்பேன்."

"அப்போ சரிங்கறியா? ஒண்ணு சொல்லுடா. சரியா, தப்பா?"

"அம்மா, அப்பா தூங்கறாரு. மெதுவா பேசு."

அவ்வளவுதான் பதில். போகும்போது, அவனுடைய கேப்டன், ஒரு பெண்ணாம், மேலிடம் வழியாக உங்கள் அமைச்சகத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னான்: பழுதோடேயே தாருங்கள், பழுது என்ன என்று மட்டும் சொல்லுங்கள் என்று.

நீ என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கூரையைப் பற்றி எழுதுவாய்.

தோன்கா


ஐதோஸ்
ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, அத்தான், மத்வீ மூவரும் சுகமாக இருக்கவேண்டும். இதை வெலிச்கோ உன் கையிலேயே தருவான். படித்ததும் எரித்துவிடு. இன்றைக்குக் கூரையைப் பற்றி எழுதமாட்டேன்.

உன் கடிதம் கிடைத்த மறுநாள் தலைநகருக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கோட்டு எண்ணுகிறவனுக்கு ஜெனரல் அறையில் என்ன வேலை என்று வாசலில் நிறுத்தினார்கள். சாயங்காலம்வரை நின்றேன். வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும், "இப்ப எதுக்குடா வந்தே? போதும்பா உன்னோட" என்றார். உங்கள் பக்கத்துக் கடிதம் அவர் மேஜைக்கு ஏற்கனவே வந்திருந்தது. இரண்டு தரப்பிலும் அவருக்குத் தலைவலி.

"அவங்களே பழுதோட கேக்கறாங்க சார். பழுதுன்னு எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்" என்றேன். பிறகு, சொல்லக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனதைச் சொல்லிவிட்டேன். "என் அக்கா மகன் அந்த வண்டியிலதான் இருக்கான்."

அவர் முகம் மாறிவிட்டது. "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன, முட்டாள்?"

"எனக்கே இப்பத்தான் தெரியும். முன்னாடி சொல்லியிருந்தா? என் மருமகனுக்கு நல்லதாப் பொறுக்கிக் குடுத்திருப்பீங்களா? மத்தவன் மருமகனுக்கு?"

அவர் என்னை உள்ளே கூட்டிப்போனார். பிறகு தொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். இந்த மனிதரைப் பற்றிக் கலினா தப்பாக எழுதியிருப்பாள். அவர் கெட்டவர் இல்லை அக்கா. கையில் இருப்பது கொஞ்சம், காக்கவேண்டியது முழுக் கடற்கரை. எனக்கு அந்த நாற்காலி வேண்டாம்.

பழுதென்று எழுதி அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். நல்லவற்றிலும் சிலவற்றைச் சேர்த்தார்கள். அது ஜெனரலின் முடிவு, நான் கேட்கவில்லை. பழுதானதற்குப் பதிலாகப் புதியது தரமாட்டோம் என்று நண்பர்கள் சொல்லிவிட்டார்கள், அவர் பயந்ததுபோலவே. பேப்பர்களில் சிலர் எங்களைக் கஞ்சர்கள் என்றார்கள், சிலர் நாட்டை நிர்வாணமாக்கியவர்கள் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏன் அசென், இப்ப நம்ம தலைக்கு மேல என்னய்யா இருக்கு?" என்றான். "மேகம்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. எனக்கும் அது சிரிப்பாக இல்லை. கடலோரம் நடக்கும்போது இப்போது நான் மேலே பார்க்கிறேன். முன்பெல்லாம் பார்த்ததில்லை.

எல்லையில் ஒப்படைக்க என்னையே அனுப்பச் சொல்லிக் கேட்டேன், அனுப்பினார்கள். பெயர் சொல்லக்கூடாத ஒரு ரயில் நிலையத்தில் மத்வீயின் கேப்டனைப் பார்த்தேன். சொலோமியா என்று பெயர், சின்னப் பெண், புகை பிடித்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு குழாயின் மேலும் கைவைத்து அதற்கு என்ன கேடு என்று சொன்னேன். ஒன்றின் அருகில் வந்தபோது, அது புதுச் சாயம் பூசிப் பளபளவென்று முன்னால் நின்றது, அவள் தட்டிக்கொடுத்து, "இதான் நம்ம ராசா" என்றாள். "இதை மட்டும் எந்த நிலைமையிலும் விடாதீங்க. தலைக் கருவிகளைக் கழட்டிக்கிட்டு மிச்சத்தைப் புதைச்சிடுங்க" என்றேன். "அவ்வளவு மோசமா?" என்றாள். "கெஞ்சிக் கேட்டாலும் விடாதீங்க" என்றேன்.

நான் ஓய்வுக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். அத்தானைப் பற்றி ஒன்றும் எழுதத் தெரியாமல் இந்த வரிக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். எழுதத் தெரியவில்லை.

அசென்


இஸ்மாயில்
மே 22

அன்புத் தம்பி அசெனுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் மூவரும் இருக்கிறோம். நீங்கள் இருவரும் சுகம்தானே? உன் கடிதத்தை எரித்துவிட்டேன், கடைசி வரியைத் தவிர. அதைக் கிழித்து யுக்கிமிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

போன ஞாயிறு காலையில் மறுபடியும் வந்தார்கள். துறைமுகத்துக்குத்தான். நான் நிலவறைக்குப் போகலாம் என்றேன். யுக்கிம் ஊன்றுகோலைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் ஊருக்கு வெளியிலிருந்து ஒன்று கிளம்பியது. சத்தத்தில் தட்டுகள் ஆடின. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நேராக மேலே போயிற்று அசென், ஒரு கோடு போட்டதுபோல. பின்னாலேயே இன்னொன்று. துறைமுகத்தில் அன்று ஒன்றும் விழவில்லை.

சாயங்காலம் மத்வீ வந்தான். அழுக்கோடு வந்து நாற்காலியில் விழுந்தான். முதலில் போனது உங்கள் நல்லதில் ஒன்றாம். இரண்டாவது, இவர்கள் நோயாளிகள் இரண்டைச் சேர்த்துத் தேற்றியதாம். அதைச் சொல்லும்போது அவனுக்கு அவ்வளவு பெருமை. பிறகு, கேட்காமலே சொன்னான், "மாமா விடாதீங்கன்னு சொன்னாரே, அந்தப் புதுச்சாயம், அதைப் பிரிச்சுப் பாத்தோம்மா. விரிசல்ல என் விரல் உள்ள போச்சு." அந்த விரலை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். "பேப்பர் மட்டும் வந்திருந்தா அதைத்தான் முதல்ல ஏத்தியிருப்பேன். அதுதான் பாக்க நல்லா இருந்துச்சு."

அவன் குளிக்கப் போனபிறகு யுக்கிம் வாய்திறந்தார். "அசென் அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருந்தா என் காலு இருந்திருக்கும், பையன் இருந்திருக்க மாட்டான். எனக்கு இது போதும், தோன்கா. இனி அவனைத் திட்டாதே."

அவருக்குப் போதும். அவர் அப்படிப்பட்டவர், ஒரு கப்பல் ஏற்றினால் அடுத்த கப்பல். எனக்குப் போதவில்லை அசென். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. குழாய்மேல் கைவைத்து ஒரு பெண்ணிடம் உள்ளதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று? ஒரு மத்தியானம் ஆகியிருக்குமா? அதை நவம்பரில் செய்திருக்கலாமே. நீயும் அந்த ஜெனரலும் என் தம்பி பெண்டாட்டியின் பனிட்சாவைத் தின்றுகொண்டு ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்ட நேரத்தில் செய்திருக்கலாமே. நீ பொய் சொல்ல மறுத்தாய், அவர் உண்மை சொல்ல மறுத்தார். நடுவில் யுக்கிம் கிரேன்மேல் இருந்தார்.

என் மகன் உன்னால் பக்கத்து அறையில் தூங்குகிறான். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். பார், எங்கே வந்து நிற்கிறது.

நான் சபித்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி யுக்கிம் சொல்கிறார். பெயர் தெரியாமல் சபித்ததை வாங்கிக்கொள்கிறேன். பெயர் தெரிந்தபிறகு சபித்ததை வாங்கிக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

உனக்கு இப்போது வேலை இல்லை, போனில் பேசக்கூடாது என்று சொல்ல யாரும் இல்லை. ஆனாலும் போன் பண்ணாதே. வெலிச்கோவின் வேனில் பின்சீட்டு காலியாகத்தான் வருகிறது. கலினாவையும் கூட்டிக்கொண்டு வா. யுக்கிம் உன்னோடு பேச ஆசைப்படுகிறார், கட்டைக்காலோடு வாசல்வரை வந்து உன்னை அழைப்பேன் என்று தினமும் நடந்து பழகுகிறார். நான் உன்னோடு பேசுவேனா என்று எனக்குத் தெரியாது.

சாப்பாடு போடுவேன்.

உன் அக்கா,
தோன்கா